பையன் பிழைப்பானா என்று கேட்டவர்

மார்ச் 4, செவ்வாய்

பிளம்பர் ஷவர் எடுக்க வந்தவன், பில் போடும்போது எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டான். "அக்கா, சார் புக்கு என்னாச்சு? பணம் கட்டி வருஷம் ஓடிப்போச்சு. 'புக்கு படிக்கிற மூஞ்சியப் பாரு'ன்னு வீட்ல கிண்டல் பண்றா. ஸ்டாக் இல்லன்னா ஒரு போர்டாவது மாட்டிடுங்கக்கா."

கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளே போய் உட்கார்ந்த பிறகு மனசு கேட்கவில்லை.

ஒரு பை நிறைய குழாய் சாம்பிள்களைத் தூக்கிக்கொண்டு கட்டட வேலை நடக்கும் இடமெல்லாம் ஏறி இறங்கி இந்தக் கடையை நிறுத்தியவள் நான். சரக்கு வரவில்லை என்றால், வாடிக்கையாளர் கேட்பதற்கு முன்னால் நானே போன் போட்டுச் சொல்லிவிடுவேன். இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லி எவரையும் காக்க வைத்ததில்லை. என் வீட்டுக்காரரோ நாவல் எழுதப்போவதாக இணையத்தில் அறிவித்து, முகம் தெரியாத முன்னூறு பேரிடம் முன்பணம் வாங்கிவிட்டு, மாடி அறையில் கதவைச் சாத்திக்கொண்டார். எழுதி முடித்த அத்தியாயங்களை அவர்களுக்கு ஒவ்வொன்றாக அனுப்பியதென்னவோ நிஜம். ஐந்து மாதமாக அதுவும் இல்லை. ஒரு வரி தகவல்கூட இல்லை.

கடைசி அத்தியாயம் ஒன்றுதான் பாக்கி. அது ஏன் வரவில்லை என்று நான் கேட்டதில்லை. கேட்கப் பயம். கதையில் வரும் பையனுக்குப் பெயர் வேறு, ஊர் வேறு. ஆனால் அவன் எங்கள் மகன்தான். பதினாறு வயதில் ரத்தத்தில் நோய் வந்து, ஆஸ்பத்திரியின் ஆறாவது மாடியில் ஒரு அறையில் எங்களை விட்டுப் போனவன். இது வாசகர்களுக்குத் தெரியாது.

மார்ச் 5

சாப்பிடும்போது சொன்னேன். "இனிமே மாசாமாசம் அவங்களுக்குத் தகவல் நான் எழுதறேங்க. உங்க பேர்லயே போகட்டும். நீங்க எழுதற வேலையப் பாருங்க."

"முதலாளியம்மா சொன்னா அப்பீல் ஏது?" என்றார். அச்சகத்தில் பிழை திருத்தும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். முன்பெல்லாம் நான் எழுதும் விலைப்பட்டியலில்கூடத் தப்பு கண்டுபிடிப்பார். இன்று, 'என்ன எழுதப்போற' என்றுகூடக் கேட்கவில்லை.

மார்ச் 31

முதல் தகவல் அனுப்பினேன். தாமதத்துக்கு மன்னிப்பு, அட்டைக்குப் பார்த்து வைத்திருக்கும் தாள், அச்சகத்தில் என்ன சொன்னார்கள், அவ்வளவுதான். பதில்கள் கொட்டுகின்றன. அத்தியாயம் வரும்போதெல்லாம் வெறும் கேள்விக்குறி மட்டும் போடும் ஒருவர் இருக்கிறார். இந்தத் தடவை அவர்கூட முற்றுப்புள்ளி வைத்திருக்கிறார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனிதர்கள் காத்திருப்பார்கள். இது இந்த மனுஷனுக்கு ஏன் புரியவில்லை?

ஏப்ரல் 11, வெள்ளி

ஒரு அம்மா எழுதியிருக்கிறார். அவருடைய பையனுக்கும் அதே நோய். ஆஸ்பத்திரியில் இருக்கிறான். அத்தியாயம் வர வர அவனுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். 'கடைசி அத்தியாயம் தாமதமாகட்டும் ஐயா, பரவாயில்லை. ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லுங்கள். கதையில் அந்தப் பையன் பிழைப்பானா?'

காலையில் பார்த்தது. கடையில் யாரோ கேட்ட குழாய்க்கு வேறு குழாயை எடுத்துக் கொடுத்தேன். என் பையன் போன அன்றைக்கு என்னைச் சுற்றி ஒரு டாக்டர், இரண்டு நர்ஸ், ஒரு துப்புரவுக்காரம்மா என்று எத்தனை பேர் நின்றார்கள் — ஒருத்தராவது பொய்யாகவாவது சொல்லியிருக்கலாமே என்று எத்தனை வருஷம் மருகியிருக்கிறேன்.

சாயங்காலம், எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே பதில் போட்டேன். 'பையன் நிச்சயம் பிழைத்துக்கொள்வான். தைரியமாக இருங்கள்.'

ஏப்ரல் 12

இல்லாத சரக்கு.

ஏப்ரல் 20

எல்லாரும் கொண்டாடுகிறார்கள். 'நிம்மதியாக இருக்கிறது', 'இனி எவ்வளவு நாள் வேண்டுமானாலும் காத்திருப்போம்' என்கிறார்கள். அந்த அம்மாவிடமிருந்து மட்டும் ஒன்றும் வரவில்லை.

மே 6, செவ்வாய்

நடந்துவிட்டது. இவர் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தார், அந்த நேரம் பார்த்துப் பிளம்பரும் கடையில். "சார், கைய குடுங்க சார்! பையன் பொழைச்சுக்குவானாமே! நான்கூட எங்க போட்டுத் தள்ளிடுவீங்களோன்னு பயந்தேன்."

இவர் கை கொடுத்தார். "ஆமாம்ப்பா" என்றார். கேரியரை மேஜைமேல் வைத்துவிட்டு நடந்து போய்விட்டார்.

வீட்டுக்கு ஓடினேன்.

"யாரைக் கேட்டுப் பொழைக்க வெச்ச?"

"ஒரு அம்மா கேட்டாங்க. அவங்க பையன் படுத்துக் கிடக்கறான். என்ன சொல்லச் சொல்றீங்க?"

"என் பையன் செத்துட்டான். அத எழுதத்தான் நாலு வருஷமா உக்காந்திருக்கேன். நீ ஒரே வரில அத இல்லன்னு ஆக்கிட்ட."

"உங்க பையனா? எனக்கு யாரு அவன்?" — இப்படித்தான் கத்தினேன். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறந்தால் திறக்கட்டும். "அந்த அத்தியாயத்த முடிச்சிருந்தீங்கன்னா நான் ஏன் வாயத் தொறக்கப்போறேன்?"

"எப்படி முடிக்கறது?" என்றார். "நான் அங்க இல்லையே. மருந்து வாங்கக் கீழ போயிருந்தேன். வந்தப்ப எல்லாம் முடிஞ்சிருச்சு. அந்த ரூம்ல என்ன நடந்துதுன்னு எனக்கு என்ன தெரியும்? நீ சொன்னதே இல்ல."

"நீங்க கேட்டதே இல்ல."



மே 7

அவர் மாடியில். நான் கீழே. சாப்பாட்டை வாசலில் வைத்தேன், எடுத்துக்கொண்டார்.

மே 9, வெள்ளி

அந்த அம்மா எழுதிவிட்டார். பிரதி எடுக்கிறேன், ஏனென்றால் நாளைக்கு என்னால் இதை நம்ப முடியாது.

'உங்கள் பதிலை அன்றைக்கே அவனுக்கு வாசித்தேன். இது எழுத்தாளர் எழுதினது இல்லம்மா, அவர் எதையும் இவ்வளவு அவசரமாகச் சொல்ல மாட்டார் என்றான். எனக்குப் பொய் வேண்டியிருந்தது. அவனுக்கு வேண்டாமாம். அவனுக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: கடைசியில் அந்தப் பையன் பயந்தானா? கேட்கச் சொல்லித் தினமும் நச்சரிக்கிறான். எழுதலாமா கூடாதா என்று இத்தனை நாள் தயங்கினேன்.'

மாடியில் இருப்பவருக்கு இதற்குப் பதில் தெரியாது. எனக்குத்தான் தெரியும்.

மே 10, சனி

சனிக்கிழமை என்றால் கடையில் நிற்க இடம் இருக்காது. மத்தியானமே ஷட்டரை இறக்கினேன். "யாராச்சும் தவறிட்டாங்களாக்கா?" என்று பக்கத்துக் கடைக்காரர் கேட்டார். "ஆமாம்" என்றுதான் வாயில் வந்தது.

மாடிக்குப் போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நான் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

முதலில் பயந்தான். மூச்சு வாங்கியது. என் கையை நகம் பதியப் பிடித்துக்கொண்டான். நான் ஏதேதோ உளறினேன். கொஞ்ச நேரத்தில் பிடி தளர்ந்தது. "அப்பா எங்க?" என்றான். மருந்து வாங்கப் போயிருக்கிறார் என்றேன்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டேன். இத்தனை வருஷம் நான் மறைத்தது இந்த இரண்டு வார்த்தையைத்தான். அப்பா எங்கே என்று தேடினான் என்று தெரிந்தால் இந்த மனுஷன் தாங்குவாரா?

"அப்புறம்?" என்றார்.

"'லிஃப்ட் ஓடலம்மா. அப்பாவுக்கு முட்டி வலி. போன் பண்ணி மெதுவா வரச் சொல்லு'ன்னான். அதுதாங்க கடைசியா பேசினது. நான் போன் பண்ணல. அவன் கைய விட மனசு வரல."

திரும்பிப் பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

"மெதுவாத்தான் வந்தேன்" என்றார். "ஒவ்வொரு மாடியிலயும் உக்காந்து உக்காந்து வந்தேன். உக்காராம வந்திருந்தா பாத்திருப்பேனோன்னு... தினம் அந்தப் படியத்தான் ஏறிட்டிருக்கேன்."

எழுந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அழுதோம். வேறு என்ன எழுத?

மே 12, திங்கள்

எல்லாருக்கும் தகவல் போட்டேன். 'பையன் பிழைக்கவில்லை. அவன் எங்கள் மகன். பிழைப்பான் என்று எழுதியது நான், எழுத்தாளரின் மனைவி. தெரிந்தே சொன்ன பொய். முன்பணம் திரும்ப வேண்டுபவர்கள் கேளுங்கள்.' இவர் வாசித்துவிட்டு ஒரு எழுத்துகூடத் திருத்தவில்லை.

அந்த அம்மாவுக்குத் தனியாக எழுதினேன். 'உங்கள் மகனிடம் சொல்லுங்கள்: பயந்தான். கொஞ்ச நேரம்தான். அப்புறம் அப்பாவின் முட்டியைப் பற்றிக் கவலைப்பட ஆரம்பித்துவிட்டான்.'

மே 15

'வாசித்துக் காட்டினேன். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான். பிறகு, அந்தப் பையன் பரவாயில்லம்மா என்றான்.'

இவ்வளவுதான் அந்த அம்மாவின் பதில். மூன்று பேர் பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறார்கள், நியாயம்தான். பிளம்பர் கேட்கவில்லை. கடைக்கு வந்து, டேப் ஒன்றைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டே நின்றான். "நான் பாட்டுக்கு போட்டுத் தள்ளறது கீட்டுத் தள்ளறதுன்னு உளறிட்டேன் சாருகிட்ட" என்றான். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 30

அத்தியாயம் முடிந்தது. வாசிக்கக் கொடுத்தார். நான் சொன்னபடியே எழுதியிருக்கிறார். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறுபவரையும் எழுதியிருக்கிறார்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

புத்தகங்கள் வந்து, கட்டி அனுப்பியாயிற்று. அந்தப் பையன் இன்னும் ஆஸ்பத்திரியில்தான். புத்தகத்தை வார்டுக்கே அனுப்பச் சொன்னார் அவன் அம்மா. அனுப்பினேன்.

இந்த மாதத் தகவலில் எழுத ஒன்றுமில்லை. 'எல்லாருக்கும் அனுப்பிவிட்டோம், நன்றி' என்று முடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் கடையிலிருந்து வந்து உட்கார்ந்ததும் இவர் கேட்டார். "அவனுக்கு மொதமொத ஊசி போட்ட அன்னிக்கு, நர்ஸ்கிட்ட ஏதோ சொல்லி சிரிக்க வெச்சானே. என்ன சொன்னான்? நான் வெளில நின்னுட்டிருந்தேன்."

"புத்தகம்தான் வந்தாச்சே. இப்ப எதுக்குங்க?"

"சும்மாதான்."

சொன்னேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிந்தது. இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.