செத்த பிறகும் உள்ளே போய்வந்த உன் பெயர்

என் ஆசை மச்சான் குமாரு,

நீ போனதற்கு இன்னும் அழுது முடிக்கவில்லை. அதற்குள் என்னை ஆத்திரப்பட வைத்துவிட்டார்கள். உன் தங்கச்சிக்குக்கூட இன்னும் சொல்லவில்லை. முதலில் உனக்குச் சொல்கிறேன்.

கட்டுகஸ்தோட்டையில் நாம் ஒன்றாக வேலை பார்த்த ஆபீஸ் அப்படியேதான் இருக்கிறது. கடைக்காரர்களின் கணக்குகள் இருக்கும் சேர்வர்களுக்குள் இங்கிருந்தே போவதற்கு நீ ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாயே, அதுவும் ஓடுகிறது. கறுப்புத் திரையில் கடையின் பெயரை அடித்தால் போதும். உன் பெயரையும் பாஸ்வேர்டையும் அதுவே கொடுத்து உள்ளே விட்டுவிடும். பாஸ்வேர்டை அதற்குள் எழுதி வைக்காதே, ஆளுக்கொரு லொகின் போடுவோம் என்று எத்தனை தடவை சொன்னேன்! "வேல ஓடுதுல்ல மச்சான், விடு" என்றாய். ஆபீஸ் முழுக்க அதைக் காப்பி எடுத்துக்கொண்டது. தனக்கென்று ஒரு லொகின் கேட்க எவனுக்கும் உடம்பு வணங்கவில்லை.

நெஞ்சுவலியில் போன உன்னை ஹுன்னஸ்கிரியவில் புதைத்துவிட்டு வந்தோம். மறுநாளும் உன் பெயரில்தான் எல்லோரும் உள்ளே போனார்கள். செத்தவனுக்குக்கூட லீவு கிடையாதா?

இன்றைக்கு மேனேஜர், "மடவளை மருந்துக்கட சேர்வர்ல எடமில்ல, நானே கிளீன் பண்றேன்" என்று எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். உன் ஸ்கிரிப்ட் வழியாக உள்ளே போய், பழையது எது புதியது எது என்று பார்க்காமல் கடையின் கணக்கு முழுவதையும் அழித்துவிட்டார். சேர்வரில் பதிவானது யார் பெயர்? உன் பெயர்.

உடனே கடைக்கார ஹாஜியாருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். "குமார் ஓட்டோமேட்டிக்கா ஓடுற மாதிரி ஒன்ன எழுதி வச்சிட்டுப் போயிருக்காரு, ஹாஜியார். அதுதான் அழிச்சிருக்கு."

கூசாமல் சொன்னார், மச்சான்! உன் ஸ்கிரிப்டுக்கு ஆளை உள்ளே விடத்தான் தெரியும். அழிக்க உயிருள்ள ஒருவனின் விரல் வேண்டாமா?

ஹாஜியார், "மௌத்தாப்போன புள்ளய ஏசப்படாது. நான் மன்னிச்சிட்டன், விடுங்க" என்றார். நீ செய்யாததற்கு, செத்தவன் என்று உனக்கு மன்னிப்பு! மேனேஜர் பெருமூச்சு விட்டார். மற்றவர்கள் குனிந்து தேநீர் குடித்தார்கள்.

நான் என் இடத்தில் உட்கார்ந்து, யார் எப்போது உள்ளே போனார்கள் என்ற பதிவுகளைத் தொடாமல், ஒவ்வொரு சேர்வரிலும் உன் லொகினை மட்டும் நீக்கினேன். உன் பெயரை நானே எடுக்கிறேனே என்று இருந்தது. ஆனாலும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒருவராலும் எங்கேயும் உள்ளே போக முடியவில்லை.

"யாரு இத நிப்பாட்டினது?" என்று மேனேஜர் கத்தினார்.

"நான்தான், சேர். இனி அவங்கவங்க பேர்லயே போங்க."

வேலை போகும் என்கிறார். போகட்டும்.

நாளைக் காலையில் முதல் பஸ்ஸில் மடவளைக்குப் போகிறேன். என் கண்ணால் பார்த்ததை ஹாஜியாரின் முகத்துக்கு நேரே சொல்வேன். உனக்கென்று அவர் கொடுத்த மன்னிப்பை, அது உனக்குத் தேவையில்லை என்று அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் வருவேன்.

உன் தங்கச்சியைக் கட்டியவன்,
உன் மச்சான் ராஜு