பெருந்துளையைத் தவிர்த்து வந்த தூதர்

அலை அடங்காதிருக்க, உப்புக் குறையாதிருக்க. தென்பாறைக் கடற்பஞ்சு வேந்தர், பல்லாயிரம் துளையுடையார், பாறையைப் பற்றிய நாள்முதல் ஒரு விரற்கடையும் நகராத பெருமாள், பழுப்புமேனி மானாபரணர் விடுக்கும் ஓலை. சேற்றுமடு நாட்டு அதிபர், கிருமிக் குலத் திலகர், காலையில் ஒருவராயிருந்து மாலையில் கோடியாகும் திருவுடையார், அழுகற்கோ அவர்கள் கண்டு மகிழ்க. தங்கள் நாடும் அதன் நாற்றமும் நலமென நம்புகிறோம்.

எம் தம்பியார் வடபாறைச் செம்மேனியாரைத் தங்கள் படை புகுந்து அழுகச் செய்த நாளை நாம் மறக்கவில்லை. அவர் உடல் கரைந்து வந்த தண்ணீரையே நாம் குடித்தோம். வேறு தண்ணீர் எமக்கில்லை. அன்றே பழிமுடிக்கச் சூளுரைத்தோம். அதற்குத் தாங்கள், பல்லில்லை, காலில்லை, வயிறென்று ஒன்றுகூட இல்லை, இவரா நம்மைப் பிடிக்கப் போகிறார், பிடிக்கட்டுமே பார்ப்போம் என்று அவையில் சிரித்து, எம்மைச் சரணடையச் சொல்லித் தங்கள் மைத்துனர் வால்வீச்சரைத் தூதனுப்பினீர்கள்.

அவர் இன்னும் திரும்பவில்லையே என்று கவலையுறலாம். எம் உச்சியிலுள்ள பெருந்துளையை வாயென்று கருதி, அதன் பக்கமே போகாமல் சிறுதுளை வழியே பதுங்கிச் செல்லும்படி பணித்தீர்களாம். சொன்னபடியே செய்தார், நல்ல பிள்ளை. பெருந்துளை எமக்கு வெளிவாசல், ஐயா. நாம் உண்பது சிறுதுளைகளுக்கு உள்ளே. அங்கே சுவரெங்கும் எம் உயிரணுக்கள் நெருங்கி நின்று, ஆளுக்கொரு சாட்டையைச் சுழற்றித் தண்ணீரை இழுக்கின்றன. சாட்டையைச் சுற்றிக் கழுத்துப்பட்டைபோல் நிற்கும் மெல்லிய இழைவேலி, தண்ணீரைப் போகவிட்டுத் தங்கள் இனத்தார் அளவுள்ளோரை நிறுத்திக்கொள்ளும். வேலியில் ஒட்டிய வால்வீச்சர், தாம் தூதரென்றும் தூதரைத் தொடலாகாதென்றும் எடுத்துரைத்தார். வேலிக்கு அளவு தெரியும், பதவி தெரியாது. வழுக்கி அடிக்கு இறங்கியவரை உயிரணு மூடி விழுங்கி, உள்ளே உலவும் பரிசாரகரிடம் கைமாற்ற, அவர்கள் கரைத்து உடலெங்கும் பகிர்ந்தனர். வயிறில்லாதபடியால் எல்லோருக்கும் பங்கு கிடைத்தது. சற்றே உப்புக் குறைவு என்றார்கள்.

இதை அறிந்தபின் தாங்கள் ஓட நினைக்கலாம், தாராளமாக. நாம் துரத்தமாட்டோம், துரத்தத் தெரியாது. ஆனால் எம் சாட்டைகள் ஓய்வதில்லை. எம் பாறையையும் தங்கள் மடுவையும் சூழ்ந்த தண்ணீரெல்லாம் என்றேனும் ஒருநாள் எம்முள் புகுந்துதான் வெளியேறும். அதனோடு தாங்களும் புகுவீர்கள்.

பாசி முத்திரையிட்ட இவ்வோலையை, தங்கள் மைத்துனரைக் கழித்து மிஞ்சிய தண்ணீரோடு, பெருந்துளை வழியே அனுப்பினோம். மறுமொழியைத் தாங்களே நேரில் கொண்டுவர வேண்டுமென்பது எம் கட்டளை. வழி தேட வேண்டாம். சும்மா மிதந்தாலே போதும்.