நனைந்த சப்பாத்தும் கசப்புக் குடுக்கையும்

போர்ட்டோ அலெக்ரே
மே 14

அன்புள்ள அப்பாவுக்கு,

ஜோசிலேனி எழுதிக்கொள்வது. நான் நலம். இந்த ஊர்க் குளிர்தான் எலும்பைக் குடைகிறது. நம் ஊர் கருவாருவில் எல்லோரும் சுகமா? முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறீர்களா, இல்லை வழக்கம்போல் பாட்டிலை அழகு பார்க்கிறீர்களா?

நீங்கள் லாரி ஓட்டித் தெற்கே போனபோது வாங்கிவந்த கேசட்டைக் கேட்டுத்தானே நான் பேஸ் கிட்டார் பழகினேன்? அதில் கூரை பிய்ந்துபோகக் கத்தும் இரினேவுக்கு இப்போது ஐம்பத்தெட்டு வயது. கம்பளிச் செருப்பும் அக்குளில் இடுக்கிய வெந்நீர்ப் பிளாஸ்க்குமாக ஒத்திகைக்கு வருகிறார். மைக் முன்னால் நின்றுவிட்டால் அதே பழைய பேய்தான். அவரும் டிரம்ஸ் ருடிமாரும் 'நனைந்த சப்பாத்து' குழு தொடங்கிய நாளிலிருந்து, முப்பத்தோரு வருடமாகச் சண்டை போடுகிறார்கள். இவர் நீலக் கால்பந்து அணியின் ரசிகர், அவர் சிவப்பு அணிக்கு. ஞாயிறு ஆட்டத்தில் யார் அணி ஜெயித்ததோ அவர்தான் அந்த வாரப் பாட்டு வரிசையைச் சொல்வார். தோற்றவர் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டே வாசிப்பார். கீபோர்டு வாசிக்கும் நெய்வா அக்கா, "இதுங்களுக்கு நடுவுல என் காதுதான் தேயுது" என்பார்.

ஒரு மாதம் பார்ப்போம் என்றுதான் என்னை எடுத்தார்கள். சேர்த்துக்கொள்ளாவிட்டால் ஜூன் திருவிழாவுக்கு வீட்டுக்கு வந்துவிடு என்றீர்கள். போன வியாழக்கிழமை பஸ் டிக்கெட்டே வாங்கிவிட்டேன் அப்பா. ஏன் என்று கேளுங்கள்.

இங்கே ஒத்திகை நடுவில் மாத்தே என்ற இலைக் கஷாயம் குடிப்பார்கள். வேப்பிலைக் கசப்பு. ஒரே சுரைக்குடுக்கை, ஒரே உறிஞ்சுகுழல். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தால், வெந்நீர் ஊற்றி அடுத்தவருக்குப் போகும். அது சுற்றிக்கொண்டே இருக்கும். தினமும் என்னிடம் ஒரே ஒரு முறைதான் வந்தது. அதன் பிறகு என்னைத் தாண்டிப் போய்விடும். என் வாசிப்பைப் பற்றியும் யாரும் வாயைத் திறக்கவில்லை. வேண்டாத விருந்தாளி என்று புரிந்துகொண்டேன். ரோஷம் வந்துவிட்டது.

டிக்கெட்டை மேசைமேல் வைத்து, "நான் ஊருக்குப் போறேன். குடுக்கையைக்கூட எனக்குத் தர மனசில்லாத இடத்துல என்ன வேலை?" என்றேன். அழுதும் தொலைத்தேன். நெய்வா அக்கா என்னையே பார்த்தார். அப்புறம் ஸ்பீக்கர் பெட்டிமேல் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அடிப் பைத்தியமே! ஒவ்வொரு வாட்டியும் நீதானே நன்றின்னு சொல்லித் திருப்பிக் குடுக்குறே? குடுக்கையைத் திருப்பிக் குடுக்கும்போது நன்றின்னா எனக்குப் போதும்னு அர்த்தம்டி!"

"வடக்குப் பொண்ணுக்குக் கசப்பு ஆகலை, மரியாதைக்கு ஒரு வாய் குடிக்குதுன்னு நெனச்சோம்" என்றார் ருடிமார். "இந்தக் கிழவன் இரினேவு உனக்காக என்ன பண்ணியிருக்கான் பாரு." அலமாரிக்குப் பின்னாலிருந்து ஒரு சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் காட்டினார். மாத்தேயில் சர்க்கரை போடுகிறவரை இந்த ஊரில் ஆளாகவே மதிக்கமாட்டார்கள். இரினேவு காது சிவந்துபோய், "வெளிய சொன்னே, கொன்னுடுவேன்டா" என்று கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, "போறாளாம்! இப்படி வாசிக்கிற பொண்ணை யாரு விடுறது?" என்றார்.

அப்பா, எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று ஐந்து சுற்றுக் குடித்தேன், சர்க்கரை இல்லாமல். டிக்கெட்டை ருடிமார் மடித்து, ஆடிக்கொண்டிருந்த டிரம்ஸ் காலுக்கு முட்டுக் கொடுத்துவிட்டார். ஜூன் முதல் சனிக்கிழமை பெரிய அரங்கில் ஆண்டுவிழாக் கச்சேரி. சுவரொட்டியில் நான்கு பெயர். நான்காவது உங்கள் மகள்.

மூன்று நாள் பஸ் பயணம்தான், வாருங்கள். யார் எது கொடுத்தாலும் நன்றி சொல் என்று வளர்த்தது நீங்கள்தானே? நான் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டில் மரவள்ளிக் கேக்கைக் கையில் திணித்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றீர்கள். உங்களுக்கும் நன்றி சொல்லிவிட்டுத்தான் ஏறினேன். அந்த நன்றியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன் அப்பா. எனக்கு இன்னும் போதவில்லை.

உங்கள் ஆசியைக் கேட்டு நிற்கும்,
ஜோசி