மொபெட் சத்தத்துக்கு அவிழ்த்த கயிறு

என் அடிப்பாவி மதிக்கு, என் கண்ணுக்கு,

செத்துப்போனவர்களைத் திட்டக் கூடாது என்பார்கள். நான் திட்டத்தான் போகிறேன். உயிரோடு இருந்தபோது எதைச் சொன்னாலும் சிரித்து மழுப்பிவிட்டு எழுந்து போவாய். இப்போது எங்கே போவாய்? உட்கார்ந்து கேள்.

முதலில் ஊர்ச் செய்தி. மேட்டூர் திறந்துவிட்டார்கள். நம் படித்துறையில் பாதிப் படி முழுகிவிட்டது. சம்பா நடவு இந்த வருஷமும் மிஷின்தான். வழக்கமாக அப்பா வரப்பில் நின்றுகொண்டு மிஷின்காரனை உண்டு இல்லை என்று ஆக்குவாரே, இந்தத் தடவை வாயே திறக்கவில்லை. ஆடிப்பெருக்கிலிருந்து அவர் யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை. அதற்குக் காரணம் நான். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நியூசிலாந்து வேலையை விட்டுவிட்டு நீ திருக்காட்டுப்பள்ளிக்கே திரும்பி வந்தபோது, என் தங்கை நகை நட்டு கொண்டுவருவாள் என்று ஊர் பார்த்தது. நீ தூண்டில் கம்பும் ஆற்றில் இறங்குகிற பூட்ஸும் கொண்டுவந்தாய். பாசிக் கல்லில் வழுக்காத அடி, தண்ணீர் வடிய ஓட்டை, கணுக்காலுக்கு மேலே வரை குறுக்கும் நெடுக்குமாக ஏறும் கயிறு. கல்யாணம் வேண்டாம் என்ற பெண் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று தூண்டில் போடுவதை ஊர் வேடிக்கை பார்த்தது. அதுகூடப் பரவாயில்லை. பிடித்த கெண்டையைத் தடவிக்கொடுத்து மறுபடி ஆற்றிலேயே விட்டாய் பார், அதைத்தான் ஒருத்தராலும் தாங்க முடியவில்லை. “கொழம்புக்கு ஆவுற மீனைத் தண்ணியில விடுது. உங்க தங்கச்சிக்கு என்னா டீச்சர், ஒடம்பு கிடம்பு சரியில்லையா?” என்று மீன்கார அம்மா என்னை நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டாள்.

அப்பாவுக்கு மீன் பிடிப்பதில் வருத்தமில்லை. பூட்ஸில்தான் வருத்தம். நம் ஊரில் செருப்பை மேல்படியிலேயே கழற்றிவிட்டுத்தான் ஆற்றில் கால் வைப்பார்கள். “காவேரி தாயாரும்மா. தாயார் மேல செருப்புக் காலோட ஏறுவாங்களா? என் கண்ணால அதைப் பாக்க வெச்சுடாதே” என்றார். நீ சமர்த்தாகத் தலையை ஆட்டினாய்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தாயார் மடியில் குவார்ட்டர் பாட்டிலை உடைத்துப் போடலாம். சாக்கடையைத் திறந்துவிடலாம். சாமி படத்திலிருந்து கிழிந்த பாய் வரைக்கும் கொண்டுவந்து கொட்டலாம். ஒரு பொம்பளை பூட்ஸ் போட்டால் மட்டும் தாயாருக்கு வலிக்குமா? வெறுங்காலோடு இறங்கிய முதல் வாரமே பாட்டில் ஓடு குத்தி உள்ளங்காலில் தையல் போட்டாயே, மறந்துவிட்டதா? அப்பாதான் மொபெட்டில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பாட்டிலை உடைத்தவனை அன்றைக்கும் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நீ என்ன செய்தாய்? சண்டையும் போடவில்லை, பூட்ஸையும் விடவில்லை. அப்பா வயலுக்குப் போகிற நேரம், வருகிற நேரம் எல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு இறங்கினாய். கரை ரோட்டில் அவருடைய மொபெட் சத்தம் கேட்டால் ஓடிவந்து பூட்ஸைக் கழற்றி நாணலுக்குள் தள்ளிவிட்டு, வெறுங்காலோடு படியில் நின்று, “என்னப்பா, வயலுக்கா?” என்பாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்திருக்கிறேன். தலையில் அடித்துக்கொண்டும் இருக்கிறேன்.

கயிறு தரையில் புரளும். ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கு அதைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா?

“ஏன்டி, கயித்தை இறுக்கிக் கட்டித் தொலையேன்.”

“இறுக்கினா அவுக்க நேரமாவும்க்கா. அப்பா வந்துட்டார்னா?”

“வந்தா வரட்டுமே. உனக்கு என்ன வயசு?”

“நீ சும்மா இருக்கா. எதுக்கு அவருக்கு மனசு கஷ்டம்?”

உனக்குத் தெரியாமல் இல்லை. நியூசிலாந்தில் இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சக் கயிற்றை பூட்ஸுக்குள்ளே சொருகிவிடுவேன் என்று நீதான் எனக்குச் சொன்னாய். தொங்குகிற கயிறு வேரில் மாட்டும், தூண்டில் நரம்பில் சிக்கும், கால் கழன்றால் ஆள் போய்விடும் என்று பாடம் எடுத்ததும் நீதான். ஊர் பேர் தெரியாத ஆற்றில் பனித் தண்ணீரில் தன்னந்தனியாக நின்றவள், அங்கே ஒழுங்காகக் கட்டினவள், நம் வீட்டுக் கொல்லைக்குப் பின்னால் ஓடுகிற ஆற்றில் கட்டவில்லை. இதை நான் யாரிடம் போய்ச் சொல்ல?

நீ எப்போதுமே இப்படித்தான். முடியை வெட்டிக்கொண்டு வந்தாய், அப்பாவுக்காகச் சவுரி வைத்துப் பின்னினாய். ஜீன்ஸில் விமானம் ஏறினாய், திருச்சியில் இறங்குமுன் மேலே துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டாய். எல்லாரும் உன்னைத் தங்கமான பெண் என்றார்கள், என்னைச் சண்டைக்காரி என்றார்கள். அப்பா சொன்னதை முழுசாகக் கேட்டிருந்தால் நீ பிழைத்திருப்பாய். முழுசாகக் கேட்காமல் இருந்திருந்தாலும் பிழைத்திருப்பாய். பாதி கேட்டாய் பார், அதுதான்டி எனக்கு ஆறமாட்டேன் என்கிறது.

போன கார்த்திகையில் உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது ஒரு பூட்ஸ் காலில் இருந்தது. இன்னொன்றைக் கருவை வேரிலிருந்து கயிற்றை அறுத்து எடுத்தார்களாம். அன்றைக்கே ஆரம்பித்துவிட்டார்கள். “செருப்புக் காலோட எறங்குனா, தாயார் கூப்பிட்டுக்கிட்டா.” துக்கத்துக்கு வந்த வாயெல்லாம் இதையே சொன்னது. அப்பாவும் அதைப் பிடித்துக்கொண்டார். வருகிறவர்களிடமெல்லாம், “சொன்னேங்க, கேக்கல” என்பார். சொல்லிவிட்டு அழுவார். அழுகிறவரிடம் நான் என்ன சண்டை போட?

ஆடி பிறந்ததும் வாத்துக்காரப் பழனி என்னைத் தேடி ஸ்கூலுக்கு வந்தான். அன்றைக்கு எதிர்க்கரையில் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தவன் அவன்தான். நீந்தி வந்து உன்னைத் தூக்கியதும் அவன்தான். அதற்குப் பிறகு வாத்துகளை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்விட்டான், இப்போதுதான் திரும்பியிருக்கிறான். கேட்டில் நின்றபடியே சொன்னான்.

“மனசுல வெச்சுக்கிட்டே இருந்தேன் டீச்சர். சின்னக்கா நல்லாத்தான் நின்னுக்கிட்டு இருந்தாங்க. ரோட்டுல மொபெட் சத்தம் கேட்டுச்சு. சடார்னு திரும்பிப் பாத்தாங்க. கம்பைப் போட்டுட்டுக் கரையைப் பாக்க ஓடியாந்தாங்க. ஓடியாரப்பவே குனிஞ்சு கயித்தை உருவுனாங்க. வேருல மாட்டிக்கிச்சு. பாதிக் காலு வெளியில, பாதிக் காலு பூட்ஸுல. குப்புற விழுந்தவங்கதான்.”

“மொபெட்டுல யாரு? அப்பாவா?”

“இல்லீங்க. பால்காரரு.”

பால்காரர், மதி. கேனை ஆட்டிக்கொண்டு போகிற பால்காரர்! அப்பா அந்த நேரத்தில் கடைத்தெருவில் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். அவரிடமிருந்து ஒளிவதற்காக நீ ஓடியிருக்கிறாய். பகல் வெளிச்சத்தில், திருடி மாதிரி. அன்றைக்கு ராத்திரி பூராவும் எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்தே தாடை வலித்தது.

ஆடிப்பெருக்கன்று அப்பா படித்துறையில் ஒரு பரிகாரத்துக்கு ஏற்பாடு செய்திருந்தார். ஊரே காதோலை கருகமணியோடு நின்றது. ஐயர் கிண்டியை வைத்துக்கொண்டு, “எதுக்குன்னு சங்கல்பம் பண்ணட்டும்?” என்றார். அப்பா கையைக் கூப்பிக்கொண்டு, “என் பொண்ணு தெரியாம செருப்போட எறங்கிட்டா. தாயார் அவளை மன்னிக்கணும் சாமி” என்றார்.

என்னால் முடியவில்லை. “அவ எதுக்குப்பா மன்னிப்புக் கேக்கணும்? பூட்ஸு அவளைக் கொல்லலை. கயித்தைக் கட்டாததுதான் கொன்னுச்சு. நீங்க வந்துடுவீங்கன்னுதான் அவ கட்டல” என்று கத்திவிட்டேன். பழனி சொன்னதை அப்படியே, ஒன்றுவிடாமல், அத்தனை பேர் முன்னாலும் சொன்னேன். சின்னக் குரலில் சொல்லியிருக்கலாம் என்று அப்புறம் சித்தப்பா சொன்னார். எனக்குச் சின்னக் குரல் இல்லை. அதை நீதான் வைத்திருந்தாய், வைத்திருந்து என்ன கண்டாய்?

அப்பா என் பக்கம் திரும்பினார். “அன்னிக்கு நான் ஆத்துப் பக்கமே வரலையேம்மா” என்றார்.

“தெரியும்பா. நீங்க வரணும்னே இல்ல. சத்தமே போதுமா இருந்துச்சு.”

அவர் கூப்பிய கையைப் பிரிக்கவில்லை. அப்படியே படியேறிப் போய்விட்டார். ஐயர் கிண்டியைக் கீழே வைத்துவிட்டார். நான் சொன்னதற்கு வருத்தப்படவில்லை, மதி. ஆனால் அந்தக் கையை நினைத்தால் சோறு இறங்கமாட்டேன் என்கிறது.

அன்றைக்கு மறுநாளிலிருந்து அப்பா ஒரு காரியம் செய்கிறார். மொபெட்டில்தான் வயலுக்குக் கிளம்புகிறார். கரை ரோடு ஆரம்பிக்கிற இடத்தில் இன்ஜினை அணைத்துவிடுகிறார். அந்த நீளத்தையும் வண்டியை உருட்டிக்கொண்டே நடந்து கடக்கிறார். படித்துறைப் பக்கம் திரும்புவதில்லை. மூச்சு வாங்குகிறது, வேட்டி செயினில் மாட்டுகிறது, ஆனாலும் ஸ்டார்ட் பண்ணமாட்டேன் என்கிறார். யாராவது கேட்டால், “பெட்ரோல் இல்ல” என்கிறார். தினமும் பெட்ரோல் இல்லாமல் போகுமா?

அதைப் பார்த்ததும் எனக்கு இன்னும் கோபம் வந்தது. இனி யாருக்காக இந்த மரியாதை? உன் பூட்ஸைத் தூக்கிப் போடச் சொல்லியிருந்தார், பரணில் ஒளித்துவைத்திருந்தேன். எடுத்தேன். அறுந்த கயிற்றுக்குப் பதில் தஞ்சாவூரில் அலைந்து புதுசு வாங்கிக் கோத்தேன். என் காலுக்கு ஒரு அளவு பெரிசு, உள்ளே துணி வைத்தேன். நேற்று காலையில் படித்துறைக்குப் போய், உட்கார்ந்து, இரட்டை முடிச்சுப் போட்டு, மிச்சத்தை உள்ளே சொருகிக்கொண்டு இறங்கினேன். மேல்படியில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

முழங்கால் தண்ணீரில் நிற்கும்போது அப்பா வந்தார், வண்டியை உருட்டிக்கொண்டு. நேற்றுத்தான் இந்தப் பக்கம் திரும்பினார். என் காலைத்தான் பார்த்தார்.

“வண்டியை ஸ்டார்ட் பண்ணுங்கப்பா” என்றேன்.

“வேணாம்மா.”

“பண்ணுங்க. ஊருக்கே கேக்குற மாதிரி சத்தமாப் போங்க. நான் ஓட மாட்டேன்.”

வண்டியில் ஏறி உட்கார்ந்தார். அப்புறம் மிதித்தார். ஒரு தடவையில் பிடிக்கவில்லை. இரண்டாவது மிதியில் அந்தத் தகரச் சத்தம் கிளம்பியது. என் கை தானாகக் கயிற்றுக்குப் போகப் பார்த்தது மதி, உன் கைதான் அது. முறுக்கிப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தே நின்றேன். அப்பா அழுதுகொண்டே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார்.

உன் மேல் கோபம் தீரவில்லை, தீரவும் வேண்டாம். தூண்டில் போட எனக்குத் தெரியாது. சும்மா நிற்கத்தான் போகிறேன். ஆற்றில் தண்ணீர் இருக்கிற வரைக்கும் தினமும் காலையில் வந்து நிற்பேன். அப்பாவுக்கு நேராக, ஊருக்கு நேராக. யார் வண்டி வந்தாலும் அந்தக் கயிற்றில் கை வைக்க மாட்டேன்.

நீ ஒன்றாம் வகுப்பு படித்தபோது முடிச்சுப் போடச் சொல்லிக்கொடுத்த,
உன் சண்டைக்கார அக்கா
தமிழரசி