மூட்டைப் பயணிகள்

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். உன் முதுகுவலி தேவலையா? பாப்பாவுக்குச் சளி விட்டதா?

டிராம் பாதையைப் பக்கத்து ஊர்வரை நீட்டி முடித்துவிட்டோம். நேற்று சோதனை ஓட்டம். ஆட்களுக்குப் பதிலாக இருக்கைக்கு மூன்று மணல்மூட்டை அடுக்கினோம். பார்த்துக்கொள்ள என்னையும் நடுவில் உட்காரவைத்தார்கள். பிரேக் போட்டதும் பக்கத்து இருக்கையின் மேல்மூட்டை என் தோளில் சாய்ந்தது. அடியெல்லாம் இல்லை, பயப்படாதே.

"தள்ளி விடுப்பா, எதுக்குச் சுமக்குற?" என்றார் சூப்பர்வைசர்.

"தூங்குது சார்" என்றேன். அவர் சிரித்தார். கடைசி நிறுத்தம்வரை நான் அசையவில்லை.

அதற்கடுத்த ஊருக்கும் பாதை போகிறதாம். என் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். நான் ஊருக்கு வர இன்னும் இரண்டு வருஷம்.

இரண்டு பனியன் அனுப்பு. அந்த மூட்டை இருபது கிலோ. பாப்பா இப்போது எத்தனை கிலோ? எடை பார்த்து எழுது.

வேலைக்கு வண்டி வந்துவிட்டது.

பாப்பாவின் அப்பா