பாஸ்கோவின் காதில் விழாமல்

கியோகோ,

சொல்லிட்டுக் கிளம்பினா என் குரல் கேட்டு பாஸ்கோ ஊளையிடும். அதான் எழுதி வைக்கிறேன்.

ராத்திரி பூரா இந்தச் சீக்கு நாயோட முழிச்சு முழிச்சு எனக்குள்ள ஒண்ணும் மிச்சமில்ல. நேத்து அதைப் பாத்து, "செத்துத் தொலையேன்"னு கத்திட்டேன். நீ திட்டல. என் கையிலிருந்து அதோட தட்டை வாங்கிட்டு, "உன் அக்கா வீட்டுக்குப் போய்த் தூங்கு, நான் பாத்துக்கறேன்"னு மட்டும் சொன்ன.

மாத்திரையை உகாலிக் களி உருண்டைக்குள்ள வெச்சுக் குடு. கண்ணு தெரியாததுக்கு வாசனைதான் எல்லாம். என் லெசோத் துணியை இடுப்புல கட்டிக்கிட்டு ஊட்டினாத்தான் வாயைத் திறக்கும். ஆம்பள பொம்பளத் துணி கட்டினான்னு பக்கத்து வீட்ல சிரிச்சா சிரிக்கட்டும்.

உனக்குச் சாப்பிட கிதேரி சட்டியில இருக்கு.

கதீனி

பி.கு: லெசோவை எடுத்து வைக்கக் கொடியில தேடினேன், காணோம். சன்னல் வழியா பாத்தா, பூப்போட்ட லெசோவோட நீ கொல்லையில குந்தியிருக்க. பாஸ்கோ மென்னுக்கிட்டிருக்கு. இன்னிக்கு நான் தூங்கிடுவேன்.