ஏழு பேர் தங்கம் என்றார்கள்

3 பிப்ரவரி 2019, ஞாயிறு

மழை. கீழே மீன் பொரிக்கிற கடையின் புகை, எதிரே வண்டி நிலையத்தில் ஊர்ப் பெயர்களைக் கூவும் ஓட்டுநர்களின் சத்தம். இரண்டும் என் ஜன்னலுக்குள் வந்துதான் தீருவோம் என்கின்றன. அறிக்கைகள் எல்லாம் மீன் வாடை. வாடிக்கையாளர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டே வாசிக்கிறார்கள், செய்தி நல்லதாக இருந்தாலும்.

பலகையில் ‘தகவலும் ஆலோசனையும்’ என்று போட்டிருக்கிறேன். துப்பறிவாளர் என்று போட்டால் காவல் நிலையத்துக்காரர்கள் சிரிப்பார்கள், அல்லது கடையைப் பூட்டுவார்கள். பெண் கொடுக்கும் முன் மாப்பிள்ளையைப் பற்றி அக்கம்பக்கத்தில் விசாரிப்பது அலெக்ஸாந்திரியாவில் எல்லாக் குடும்பமும் செய்வதுதான். கால்வலி வந்த குடும்பங்களுக்காக நான் செய்கிறேன். எனக்கும் முழங்கால் வலிதான். அதை யார் கேட்கிறார்கள்?

5 பிப்ரவரி, செவ்வாய்

நகாத் வந்தாள். முதலில் அடையாளம் தெரியவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் மகள் ரிஹாபுக்காக வந்தவள். மாப்பிள்ளை தாமிர், முஹர்ரம் பே பகுதியில் குளியலறை ஓடு விற்பவன். நான்தான் விசாரித்துக் கொடுத்தேன்.

“மேடம் இன்ஷிராஹ், எம்பொண்ணைக் காணோம். நவம்பர்ல இருந்து.”

“நவம்பரா? இப்பத்தான் வர்றியா?”

“நகையெல்லாம் எடுத்துட்டு எவனோடயோ ஓடிட்டான்னு மருமகன் போலீசுல எழுதிக் குடுத்துட்டாரு. வெளிய சொல்ல நாக்கு வரலை எனக்கு. எம்மவன் சப்ரி அவரு கடையிலதான் வேலை பாக்குறான், அவனும் வாயைத் திறக்காதேங்கிறான்.”

“ஓடிப்போற பொண்ணா அவ?”

முக்காட்டின் நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். பிறகு, “நீங்கதானே மேடம் தங்கமான ஆளுன்னு எழுதிக் குடுத்தீங்க” என்றாள். குற்றம் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டாள். அதுதான் சகிக்கவில்லை.

கல்யாணப் படம் ஒன்றை வைத்துவிட்டுப் போனாள். ரிஹாப் கையில் பாம்புத் தலை வளையல். பாம்புக்கு ஒரு கண்ணில் பச்சைக் கல், இன்னொரு கண் குருடு. நிச்சயதார்த்தத்தன்றே கல் விழுந்துவிட்டதாம்.

6 பிப்ரவரி

பழைய நகலைத் தேடி எடுத்தேன். “ஏழு பேரிடம் விசாரிக்கப்பட்டது. ஏழு பேரும் தங்கமான மனிதர், குரல் உயர்த்தாதவர் என்றனர்.” கீழே என் கையெழுத்து, என்ன ஒரு அலங்காரம்! இருபத்திரண்டு வருடம் தொலைபேசி நிலையத்தில் ஊராரின் பொய்களைக் காதால் கேட்டவள் நான். எனக்கு இது பொய் என்று கேட்கவில்லையா?

10 பிப்ரவரி, ஞாயிறு

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஃபிக்ரியா என்று ஓர் அம்மாள், அண்ணன் மகளுக்கு வரன் வந்திருக்கிறது, விசாரிக்க வேண்டும் என்று வந்தாள். கூடவே அவள் கணவர், ஓய்வு பெற்ற காவலர், நாற்காலியில் உட்காரும்போதே என்னைக் கைது செய்பவர் போல உட்கார்ந்தார்.

“மாப்பிள்ளை யாரு?”

“தாமிர்னு பேரு. முஹர்ரம் பேயில ஓட்டுக்கடை. முதல் பொண்டாட்டி ஒழுக்கம் கெட்டு ஓடிட்டாளாம், பாவம்.”

தேநீர் என் மடியில் கொட்டியது. பழைய தொழில் வழக்கத்தில் முகத்தை மட்டும் அசைக்கவில்லை. தொடை வெந்துவிட்டது.

12 பிப்ரவரி, செவ்வாய்

தாமிரின் கட்டடத்துக்குப் போய், பெண் வீட்டார் அனுப்பினார்கள் என்று விசாரித்தேன். வாசல் காவலாளி: தங்கம். மளிகைக்கடைக்காரர்: தங்கம், கடன் வைக்காதவர். மூன்றாம் மாடிக்காரர்: சத்தியமாகத் தங்கம். குரல் உயர்த்த மாட்டார். இரண்டு வருடத்துக்கு முன் சொன்ன அதே சொற்கள், அதே வரிசை.

தெரு முனையில் இஸ்திரிக்காரர் குத்ப் மட்டும் நிமிரவே இல்லை. “எனக்குத் துணிதான் தெரியும் மேடம். ஆளைத் தெரியாது.”

அப்போது ஞாபகம் வந்தது. போன தடவையும் இவர் இதையேதான் சொன்னார். இவர் எட்டாவது ஆள். நல்லது எதுவும் சொல்லவில்லை, ஆகவே அறிக்கையில் சேர்க்கவில்லை. சேர்க்கவில்லை என்ன, மறந்தே போனேன்.

14 பிப்ரவரி

படுக்கையில் புரண்டு யோசித்தேன். அந்த ஏழு பேரும் கெட்டவர்களா? இல்லை. கூடி வருகிற கல்யாணத்தைக் கெடுத்தவன் என்ற பாவம் தன் தலையில் விழக்கூடாது, அவ்வளவுதான். வரன் விசாரிக்க வந்தேன் என்றதும் எல்லாரும் தேனில் நாக்கை நனைத்துக்கொள்கிறார்கள். நானும்தான், என் மச்சினிச்சி மகனைப் பற்றி ஒருத்தர் கேட்டபோது என்ன சொன்னேன்? தங்கம்!

சரி. கல்யாணத்தைப் பற்றிக் கேட்காவிட்டால்?

17 பிப்ரவரி, ஞாயிறு

வாடகைக்கு வீடு பார்க்கிற பெண்ணாகப் போனேன். காவலாளிக்கு அடையாளம் தெரியாமலிருக்க மகளின் கறுப்புக் கண்ணாடி, மேலே பூப்போட்ட கோட்டு. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் சோபா நடந்து போவது போல இருந்தது. அந்த மனுஷன் என்னை நிமிர்ந்தே பார்க்கவில்லை. வேஷம் வீண்.

தாமிர் வீட்டுக்கு நேர் கீழே குடியிருக்கிறாள் பஹிகா. மகனோடு வேறு பேட்டைக்குப் போகிறாளாம், வீடு காலியாகிறது. காபி கொடுத்து, தண்ணீர் அழுத்தம், பூனைத் தொல்லை எல்லாம் சொன்னாள்.

“மேல யாரு இருக்காங்க, சத்தம் உண்டா?” என்றேன்.

“இப்ப நிம்மதியாத் தூங்கலாம், வாங்க. அந்தப் பொண்ணு போனதுக்கப்புறம் சத்தமே இல்லை. அதுக்கு முன்னாடி, யம்மா! ஒரு நாள் எங்கூட்டு மேல்தளத்துல இருந்து விளக்கே கழண்டு விழுந்துச்சு. அவளைத் தரையோட சேத்து... நான் டிவி சத்தத்தைக் கூட்டி வெச்சுக்குவேன். வேறென்ன பண்றது?”

இவள் என் ஏழு பேரில் ஒருத்தி. என் கண்ணாடிக்குள் என்ன நடக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. நல்லவேளை அது கறுப்புக் கண்ணாடி.

“அந்தப் பொண்ணு எப்பப் போச்சு?”

“ஒரு வெள்ளிக்கிழமை, ஆம்பளைங்க எல்லாம் பள்ளிவாசல்ல இருக்கிற நேரம். வெறுங்கால்ல எறங்கிப் போனா, கையில ஒரு பை கூட இல்லை. ஜன்னல்ல இருந்து பாத்தேன். கூப்பிடலை.”

வாசலில் செருப்பு மாட்டும்போது வீட்டைப் பற்றி இன்னும் ஒரு புத்திமதி சொன்னாள். “அந்த இஸ்திரிக்காரன் குத்ப்கிட்ட மட்டும் துணி போடாதீங்க. நவம்பர்ல இருந்து சட்டையெல்லாம் ஒரே ஃபிஸீக் நாத்தம். எம்மவனைப் பஸ்ஸுல பக்கத்துல ஒக்காரவே விட மாட்டேங்குறாங்க.”

ஃபிஸீக்! உப்பில் ஊறிய அந்த மீனை வசந்தப் பண்டிகையன்றுதான் ஊரே தின்னும். அதற்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. குளிர்காலத்தில் இஸ்திரிக்கடைக்கு விடாமல் மீன் எங்கிருந்து வருகிறது? அதுவும் அவள் போன மாதத்திலிருந்து?

21 பிப்ரவரி, வியாழன்

விடியலிலிருந்து இஸ்திரிக்கடை எதிரே காத்து நின்றேன். குத்பின் மனைவி காலையில் வெறுங்கூடையோடு ரஷீத் ஊருக்குப் போகும் வேனில் ஏறினாள். பின்வரிசையில் ஏறினேன். முட்டி இரண்டும் தாடையில் இடிக்க ஒன்றரை மணி நேரம். என்னைவிடப் பெரிய ஓர் அம்மாள் என் தோளில் தூங்கினாள்.

அவள் பின்னாலேயே போனால், மீன் உப்புப் போடுகிற கிடங்கு. உள்ளே பீப்பாய்கள். முழங்கை வரை உப்போடு ஒரு பெண் நின்றிருந்தாள். ரிஹாப். உயிரோடு.

கூப்பிட்டேன். திரும்பவில்லை. மறுபடி கூப்பிட்டேன். குத்பின் மனைவி என்னைப் பார்த்து, “அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டாக் கேக்காதுங்க. இடது காது போயிடுச்சு” என்றாள்.

என் பெயரைச் சொன்னதும் ரிஹாப் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“உங்க பேப்பர் அம்மா வீட்டுல பிளாஸ்டிக் உறைக்குள்ள பத்திரமா இருக்கு அத்தை. மொத தடவை அடிச்சப்ப அம்மாகிட்டப் போனேன். சப்ரி அண்ணன் அந்தப் பேப்பரை எடுத்து வாசிச்சான். ‘ஏழு பேரும் தங்கம்னு சொல்றாங்க, நீ என்னடி பண்ணித் தொலைச்சே?’ன்னான். ரெண்டாம் தடவையும் அதே பேப்பர். மூணாம் தடவை காதுல ரத்தத்தோட போனேன். அண்ணன் வாசிச்சதைக் கேட்டுட்டு அம்மாவே கூட்டிட்டுப் போய் விட்டுட்டா. நாலாம் தடவை அங்க போகலை.”

“நகை?”

“எந்த நகை? குத்ப் மாமா பொண்டாட்டி செருப்பு குடுத்தா. அவ அக்கா கிடங்கு இது. வாரம் ஒரு மீன் குடுத்து அனுப்புவேன், வேற என்ன இருக்கு எங்கிட்ட?”

“அம்மாகிட்டச் சொல்லட்டுமா?”

“வேணாம். அம்மா நல்லவதான். ஆனா தெரிஞ்சா அண்ணன்கிட்டச் சொல்லாம இருக்கவே மாட்டா. அவன் தாமிர்கிட்டச் சொல்லுவான். உங்களால முடிஞ்சா இன்னொரு பேப்பர் எழுதுங்க. எங்க வீட்டுல பேப்பரைத்தான் நம்புவாங்க.”

22 பிப்ரவரி

எழுத முடியவில்லை. பாவி நான். ஒரு பெண்ணை மூன்று தடவை என் கையெழுத்தாலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

26 பிப்ரவரி, செவ்வாய்

ஃபிக்ரியாவும் கணவரும் வந்தார்கள். நிச்சயதார்த்தத்துக்கு அவன் வாங்கி வைத்திருக்கும் நகையைத் தட்டில் பரப்பிப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறானாம். பெருமையாகக் காட்டினாள். தட்டின் நடுவில் பாம்புத் தலை வளையல். ஒரு கண் பச்சை, ஒரு கண் குருடு.

ரிஹாபின் கல்யாணப் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன்.

ஃபிக்ரியா குனிந்து பார்த்தாள். “களவு போன நகைன்னு சொன்னானே! அடப்பாவி, அந்தக் கல்லையாவது வெச்சுக் குடுத்திருக்கக் கூடாதா?”

காவலர் கண்ணாடியை இரண்டு தடவை துடைத்துப் போட்டுப் பார்த்தார். பஹிகா சொன்னதை வாசித்துக் காட்டினேன். விளக்கு விழுந்தது வரை. எழுந்தவர் இரண்டு படங்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு நேராகக் காவல் நிலையத்துக்கு நடந்தார். வேலையில் இருந்த காலத்தில் இவ்வளவு வேகமாக நடந்தே இருக்க மாட்டார்.

6 மார்ச், புதன்

சம்பந்தம் முறிந்தது. களவுப் புகாரைத் தாமிரே திரும்பப் பெற்றுக்கொண்டானாம். நகை “அலமாரிக்குப் பின்னால் கிடைத்ததாம்”. அடித்ததற்கு யாரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. நேற்றும் கடை திறந்திருந்தது. எனக்கு வருகிற ஆத்திரத்துக்கு அவன் ஓடுகளையெல்லாம் உடைக்கலாம். முட்டி இடம் கொடுக்கவில்லை.

10 மார்ச், ஞாயிறு

நகாத்தை வரச் சொன்னேன், அந்தப் பிளாஸ்டிக் உறையோடு. காற்றும் மழையும், முழுக்க நனைந்து வந்தாள். உறை மட்டும் நனையவில்லை.

“உயிரோட இருக்கா. நகையும் எடுக்கலை, எவனோடயும் போகலை. இடத்தைச் சொல்ல மாட்டேன்.”

அழுதாள். பிறகு சண்டை போட்டாள். “நான் பெத்தவ! எனக்கே சொல்ல மாட்டியா?”

நான் புதிதாக எழுதியதை எடுத்தேன். அவளுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. நானே வாசித்தேன். அதே ஏழு பேரில் ஒருத்தி பஹிகா, இந்தத் தடவை வீடு பார்க்க வந்தவளிடம் சொன்னது, கடைசியில் ரிஹாப் சொன்னது. காது பற்றிய வரி வந்ததும், “அதைத் திரும்ப வாசி” என்றாள். வாசித்தேன். மூன்றாம் தடவையும் கேட்டாள்.

“எந்தக் காது?”

“இடது.”

“அன்னிக்கு நான் பஞ்சு வெச்சுவிட்டேன். வெச்சுவிட்டுட்டு, புறப்படுன்னு சொன்னேன்.”

பழைய தாளைக் கிழித்தது நான்தான். காலி உறையைக் கேட்டு வாங்கிக்கொண்டு, தேநீர் குடிக்காமல் போனாள்.

2 ஏப்ரல்

ஒரு குடும்பம் வரன் விசாரிக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை தெருவில் வீடு காலியா என்று கேட்டுவிட்டு வந்தேன். சோபா கோட்டோடு.

29 ஏப்ரல், திங்கள். வசந்தப் பண்டிகை

ஊரே கடற்கரையில். கீழே மீன்கடைகூடப் பூட்டியிருக்கிறது. ஒரு வேன் ஓட்டுநர் மாடியேறி வந்து பொட்டலம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, “உங்களுக்குத்தானாம்” என்று இறங்கிப் போனார்.

அவர் அதைக் கொடுத்ததைப் படியிலேயே நின்று பார்த்த நகாத் உள்ளே வந்தாள், ரொட்டியும் வெங்காயத்தாளுமாக. மகனும் தாமிர் கடைக்காரர்களும் பூங்காவுக்குப் போகிறார்களாம், இவளுக்குப் போகப் பிடிக்கவில்லையாம். மேசையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்தாள். மீனைப் பார்க்கவில்லை. கட்டியிருந்த நூலைப் பார்த்தாள். இரண்டு சுற்று, நடுவில் வளையம், மேலே இன்னொரு முடிச்சு.

“பள்ளிக்கூடத்துல செருப்புக் கயிறை இப்படித்தான் கட்டுவா. அவுக்க முடியாம நான் கத்தரியை எடுப்பேன்” என்றாள்.

கத்தரியை நீட்டினேன். வாங்கவில்லை. நகத்தால் பொறுமையாக, வெகு நேரம் அவிழ்த்தாள். நூலைச் சுருட்டிப் பையிலிருந்து அந்தப் பிளாஸ்டிக் உறையை எடுத்து அதற்குள் வைத்தாள்.

கீழே அந்த ஓட்டுநர் தேநீரை முடித்துவிட்டு வண்டிக் கதவைத் திறந்தார். இனி ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் கூப்பிடுவார். நகாத் சட்டென்று எழுந்து ஜன்னலைச் சாத்தினாள், கொக்கியும் போட்டாள்.

“எனக்குத் தெரிய வேணாம். தெரிஞ்சா சொல்லிப்புடுவேன்.”

பிறகு உட்கார்ந்து இரண்டு தட்டிலும் வெங்காயத்தாளை வைத்தாள். ஜன்னல் சாத்தியதால் அறை முழுக்க மீன் வாடை. நாங்கள் சாப்பிட்டோம்.